நாற்காலிப் பாறை

என் வலது முழங்கால் மழைக்கு ஒருநாள் முன்பே வலிக்கத் தொடங்கிவிடும். கார்ன்வாலின் இந்தக் கரையில் பாதிப் பேர் வானொலியை அணைத்துவிட்டு என் முழங்காலைத்தான் விசாரிப்பார்கள். நீங்கள் விசாரிக்க வந்திருக்கும் விஷயத்துக்கும் மூலகாரணம் அதுதான் ஐயா. ஆகவே அதிலிருந்தே தொடங்குகிறேன்.

முப்பத்தொரு வருடம் ரயிலில் டிக்கெட் பரிசோதகனாக இருந்தேன். என்னைக் கண்டதும் பெட்டி முழுக்கத் தூங்கிப்போகும். கைக்குழந்தைகள்கூடக் குறட்டை விட்டிருக்கின்றன. ஓய்வு பெற்ற மறுவாரமே, கரை ஒதுங்கும் கடல்நாய்க் குட்டிகளைக் காப்பாற்றும் தன்னார்வலர் குழுவில் சேர்ந்தேன். மஞ்சள் மேலங்கி ஒன்று கொடுத்தார்கள். அதைப் போட்டுக்கொண்டு நடந்தால் யாரும் தூங்குவதில்லை.

எங்கள் விதி எளிமையானது. இலையுதிர் காலத்தில் வெள்ளை ரோமக் குட்டி ஒன்று மணலில் தனியாகக் கிடந்து கத்தினால் உடனே தூக்கக் கூடாது. தாய் பெரும்பாலும் பக்கத்து அலைக்குள்தான் இருக்கும். பால் கொடுக்கக் கரையேறும். மனித வாசனை பட்டால் ஏறாது. அதனால் ஒருவர் பாறை முகட்டில், முட்புதருக்குப் பின்னால் மறைந்து உட்கார்ந்து, விடிந்ததிலிருந்து பொழுது சாயும்வரை பார்க்க வேண்டும். தாய் வரவே இல்லையென்றால்தான் குட்டி அனாதை. அதன்பிறகே கடல்நாய் மருத்துவமனைக்குத் தூக்கிப்போவோம்.

முகட்டுக்குத் தொண்ணூறு படி. நான் சொல்லும்போது நானூறாகும். முதல் தடவை என் முழங்கால் மறுத்துவிட்டது. கீழே, மணலை ஒட்டி, சாய்மானத்தோடு ஒரு பாறை இருக்கிறது. நாற்காலிப் பாறை என்பார்கள். அதில் உட்கார்ந்து பிளாஸ்கைத் திறந்தேன். காற்று என் முதுகிலிருந்து கடலை நோக்கி வீசியது. பொழுது சாய்ந்தது. தாய் வரவில்லை.

குட்டியை ஈரத்துண்டில் சுற்றி, நானே சுமந்து அந்தத் தொண்ணூறு படியும் ஏறினேன். மேலே இருநூறு பேர் கைதட்டினார்கள். சரி, ஒன்பது பேர். அன்று முழங்கால் வலிக்கவே இல்லை.

அடுத்த தடவை எங்கள் குழுத்தலைவி வென்னா முகட்டில் எனக்கென்று மடக்கு நாற்காலி ஒன்று போட்டுவைத்திருந்தாள். பள்ளிக்கூடத்தில் சமையல்காரி, எதையும் மறக்காதவள். நான் பாறைக்கே போனேன். பழகிய இடம்.

நண்டு பிடிக்கிற ஜேகோதான் ஒருநாள் மதுக்கடையில் முதலில் வாயைத் திறந்தான்.

“யோவ் டென்சில், மத்த கரையில எல்லாம் குட்டிங்களுக்கு அம்மா இருக்கு. நீ காவல் உக்காந்தா மட்டும் எப்படிய்யா எல்லாம் அனாதையாயிடுது?”

“எல்லாம் முகராசிப்பா,” என்றேன்.

“இந்த மொகரையப் பாத்தா அம்மா என்ன, அலையே திரும்பிப் போயிடும்.”

கடையே சிரித்தது. எல்லாரையும்விட நான்தான் அதிகம் சிரித்தேன். வென்னா மட்டும் கையிலிருந்ததைத் தட்டில் வைத்துவிட்டு என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

தூக்கிப்போகும் குட்டிகளுக்கு வருடத்துக்கு ஒரு வகைப் பெயர் வைப்போம்; போன வருடம் காய்கறிப் பெயர். கடைசியாக வந்தது முள்ளங்கி. அதன் தாய்க்குக் கழுத்தில் வலை அறுத்த தழும்பு இருந்தது. அன்று மூன்று முறை கரைக்கு வந்தது. மூன்றாவது முறை பாதி மணலைத் தாண்டிவிட்டது. எனக்குக் கால் மரத்துப்போயிருந்தது. எழுந்து நின்றேன். மேலங்கியில் கேக் துகள்கள். கழற்றி, இரண்டு கையாலும் நன்றாக உதறினேன். தாய் திரும்பிப் போய்விட்டது. நண்பகலுக்குமேல் குட்டியின் கத்தலும் குறைந்தது. குறைந்தால்தான் மருத்துவமனைப் படிவத்தில் ‘பலவீனம்’ என்று எழுத முடியும். நான் அவசரப்படவில்லை. இன்னொரு கோப்பை தேநீர் இருந்தது.

நான்காம் நாள் மருத்துவமனையில் முள்ளங்கி செத்துப்போனது. நான் அழுதேன். அதை மிகைப்படுத்தவில்லை.

மறுவாரம் பிற்பகலில் வென்னா என் சமையலறைக்கு வந்தாள். உட்காரவில்லை.

“முள்ளங்கி வந்த அன்னிக்கு எங்க உக்காந்திருந்தீங்க, டென்சில்?”

“முகட்டுலதான். புதருக்குப் பின்னாடி.”

ஒரு புகைப்படத்தை மேசையில் வைத்தாள். கடல்நாய்களை அடையாளம் காண எங்கள் குழு ஊரார் எடுக்கும் படங்களைக் கேட்டு வாங்கிச் சேர்க்கும். எதிர்முனையில் நடந்துபோன யாரோ அனுப்பியது. மணலின் நடுவில் தழும்புக் கழுத்துத் தாய், தலையைத் தூக்கியபடி. ஓரத்தில், கீழே, விரித்துப் பிடித்த மஞ்சள் மேலங்கி.

“இது யாரு?”

“பெரிய பறவை எதாச்சும் இருக்கும்.”

அவள் சிரிக்கவில்லை. “மொத்தம் பதினாலு குட்டி. பதினாலுக்கும் அம்மா இருந்துச்சா?”

கெட்டிலில் தண்ணீர் பிடித்து அடுப்பில் வைத்தேன். “பன்னெண்டுக்கு நிச்சயமா இருந்துச்சு. மத்த ரெண்டையும் நான் சரியா கவனிக்கலம்மா.”

ஆணியில் தொங்கிய மேலங்கியை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். தேநீர்கூடக் குடிக்கவில்லை.

பதினான்கில் ஐந்து பிழைக்கவில்லை. ஒன்பது பிழைத்தன. அந்த ஒன்பதைப் பற்றி நீங்கள் கேட்கவே இல்லை, பரவாயில்லை. நீங்கள் சொல்லும் எதையும் நான் மறுக்கப்போவதில்லை. பாறையில் உட்கார்ந்தது நான்தான். காற்று எந்தப் பக்கம் வீசுகிறதென்று ஒவ்வொரு தடவையும் விரலை நனைத்துப் பார்த்துவிட்டுத்தான் உட்கார்ந்தேன்.

இந்த வருடம் முகட்டில் வென்னாவே உட்காருகிறாளாம். ஏழு குட்டிகள் வந்தனவாம். ஏழுக்கும் தாய் வந்து பால் கொடுத்ததாம். குட்டிகள் கொழுத்துப்போய்த் தாமாகவே கடலில் இறங்கிவிட்டனவாம். ஜேகோ ஜன்னல் வழியாகச் சொல்லிவிட்டுப் போனான். உள்ளே வரவில்லை.

வாக்குமூலத்தில் கையெழுத்துப் போடுகிறேன், கொடுங்கள். ஒன்றை மட்டும் சேர்த்து எழுதிக்கொள்ளுங்கள் ஐயா. நான் விலகிய நாளிலிருந்து அந்தக் கரையில் ஒரு குட்டிகூடக் காப்பாற்றப்படவில்லை.