முளைப்பாரி வீட்டில் ஓர் ஆண்

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து நாற்பத்திரண்டில், ‘வெள்ளையனே வெளியேறு’ போராட்டத்தின்போது, வாடிப்பட்டியிலிருந்து மதுரைக்கு வந்த பேருந்தில் எனக்கு முன்னிருக்கையில் இரண்டு பெண்கள் தணிந்த குரலில் பேசிக்கொண்டு வந்தனர்.

"ஆம்பள நெழலே படக்கூடாத முளைப்பாரி வீட்டுல எங்கண்ணன ஒளிச்சு வச்சோம்க்கா. சாமிக்குத்தம் ஆயிருமோ?"

"தந்திக் கம்பிய அறுத்தவுகளுக்குத் தலைவரா நின்னாரே, அவரா? போலீசு வரலயாடி?"

"வந்துச்சு. ஏட்டய்யாவும் நம்ம பக்கத்து ஆளு. தொப்பியக் கழத்திக் கும்பிட்டுட்டு, வாசல்லயே திரும்பிட்டாரு. மறுநா அண்ணன் தப்பிச்சு மலைக்குப் போயிருச்சு."

"உள்ள சும்மாவா கெடந்தாரு?"

"பயிருக்குத் தண்ணி ஊத்துச்சு."

"பயிரு வாடுச்சா?"

"இல்லக்கா. சாண் ஒசரம் நிக்குது."

"அப்பறமென்ன? ஆத்தா ஏத்துக்கிட்டா."

பின்னாளில் நான் படித்த எந்த வரலாற்று நூலிலும் அந்தத் தலைவர் இல்லை. அன்று அவருடைய தங்கை, பக்கத்திலிருந்தவள் தோளில் சாய்ந்து, மதுரை வரும்வரை உறங்கினாள்.