மரியம்மாள் கொடுத்த இருபத்து மூன்று கற்கள்

மேடையில் வீற்றிருக்கும் தலைவர் டாக்டர் அருணாச்சலம் அவர்களே! போபோடிச் சந்துகளிலிருந்து பிள்ளைகளைக் கையில் பிடித்துக்கொண்டு வந்திருக்கும் தாய்மார்களே! மகர்பட்டாவிலிருந்தும் பாணேரிலிருந்தும் வந்திருக்கும் தொண்டர்களே! முன்வரிசையில் இருக்கும் மரியம்மாள் அம்மையாரின் மகள் லீலா! எல்லோருக்கும் வணக்கம். பிள்ளைகளைக் குன்றுக்குக் கூட்டிப்போய்ப் பறவையும் செடியும் காட்டும் இந்த இயற்கை நடைக் குழுவின் செயலாளராகப் பதினோரு வருடம் எத்தனையோ கூட்டத்தில் மைக்கைப் பிடித்திருக்கிறேன். இன்றைக்கு அதைத் தொடவே கை கூசுகிறது.

நடந்தது உங்களுக்குத் தெரியும். ஆனாலும் என் வாயால் சொல்லியாக வேண்டும். பிப்ரவரி நாலாம் தேதி, ஞாயிற்றுக்கிழமை. டேக்டி என்று நாம் சொல்லும் அந்தக் குன்றின் மேல், பழைய கல்குவாரிப் பாறையில் மலைத்தேனீ கூடு கட்டியிருந்தது. நம் நடைக்கு வந்த பிள்ளைகளில் யாரோ கல்லை விட்டெறிய, கூடு கலைந்துவிட்டது. பதினாலு பிள்ளைகளையும் சால்வையாலும் தன் உடம்பாலும் மறைத்துக் கீழே இறக்கிவிட்டுக் கடைசி ஆளாக வந்தார் மரியம்மாள் அம்மையார். செவ்வாய்க்கிழமை காலை மருத்துவமனையில் இறந்துபோனார். பிள்ளைகள் பதினாலு பேரும் பிழைத்தார்கள். இதோ, இந்த மண்டபத்தில்தான் இருக்கிறார்கள்.

யார் இந்த மரியம்மாள்? பறவைகளைப் பற்றிப் படித்தவரா? இல்லை! செடிகொடியில் பட்டம் வாங்கியவரா? இல்லவே இல்லை! கட்கி தொழிற்சாலையில் வெடிகுண்டுப் பாகங்களைச் சோதிக்கும் பிரிவில் இருபத்தாறு வருடம் நின்றவர். தொண்ணூற்றாறில் இந்தக் குழுவை ஆரம்பித்தபோது, தொண்டர்களுக்கு நாங்கள் கொடுத்த பயிற்சி என்ன தெரியுமா? ஒரு ஹாலில் உட்காரவைத்து நூற்றைம்பது பறவைப் பெயர்! ஆங்கிலத்தில், மராத்தியில், தமிழில்! அவர்கள் அதை அப்படியே குன்றின் மேல் போய் ஒப்பிப்பார்கள். பிள்ளைகள் கொட்டாவி விடும். பிள்ளைகளுக்கு அக்கறை இல்லை என்று நான் பிள்ளைகளைத் திட்டுவேன்.

லீலாவைக் கூட்டிக்கொண்டு நடைக்கு வந்த மரியம்மாள், மூன்றாவது வாரமே என்னை ஓரமாகக் கூப்பிட்டார். "சார், எங்க ஃபேக்டரில புது ஆளை ஆறு வாரம் பக்கத்துல நின்னு பாக்காம தனியா மேசையில விடவே மாட்டோம். நீங்க என்னடான்னா ஒரு நாள் பாடம் நடத்திட்டு, பெத்தவங்க நம்பி அனுப்புற புள்ளைங்களையே கையில குடுக்கறீங்களே?" என்றார். எனக்குச் சுருக்கென்றது. வங்கியில் மேனேஜராக இருந்து ஓய்வு பெற்றவனுக்கு ஒரு தொழிலாளி சொல்லித் தருவதா என்றுதான் தோன்றியது. ஆமாம், அப்படித்தான் தோன்றியது! இன்றைக்கு மறைத்து என்ன ஆகப்போகிறது?

ஆனால் அவர் விடவில்லை. ஆறு ஞாயிறு என்று ஒரு பயிற்சியைத் தானே வகுத்தார். முதல் ஞாயிறு, தொண்டர் வாயைத் திறக்கக் கூடாது; பிள்ளைகள் எதைப் பார்க்கின்றன என்று மட்டும் பார்க்க வேண்டும். மூன்றாவது ஞாயிறு, பிள்ளைகளுக்கு முதுகைக் காட்டாமல் நடக்கப் பழக வேண்டும். நடை நடக்கும் அன்றைக்கு விடியலில், அதே பாதையில் தனியாக ஒரு முறை போய்ப் பார்த்துவிட்டு வர வேண்டும். கடைசி ஞாயிறுதான் பரீட்சை. தொண்டர் நடத்துவார், மரியம்மாள் பின்னால் வருவார். பிள்ளைகள் கேட்பதற்கு முன்னால் தொண்டர் பதில் சொன்னால், கீழே கிடக்கும் கல் ஒன்றை எடுத்துத் துணிப்பையில் போடுவார். முடிவில் பையைத் தொண்டர் கையில் கவிழ்ப்பார். ஐந்துக்கு மேல் இருந்தால் மறுபடி ஆறு ஞாயிறு!

என் கையில் எத்தனை கல் விழுந்தது தெரியுமா? இருபத்து மூன்று! "அரே பஸ், போதும் சார்! நீங்களே எல்லாத்தையும் பேசிட்டா குருவி எப்பதான் பேசும்?" என்று சிரித்தார். நான் சிரிக்கவில்லை. கற்களை வீசிவிட்டு வீட்டுக்குப் போனேன். மறுபடி பயிற்சிக்கு வரவே இல்லை. செயலாளன் அல்லவா? எனக்குரிய சான்றிதழில் நானே கையெழுத்துப் போட்டுக்கொண்டேன்.

இப்போது முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன். போன டிசம்பரில் மென்பொருள் நிறுவனங்களிலிருந்து நாற்பது பேர் ஒரே மூச்சில் தொண்டர்களாக வந்தார்கள். எனக்குத் தலைகால் புரியவில்லை. ஆறு ஞாயிறை ஒரே மத்தியானமாகச் சுருக்கினேன். திரையில் படம், கையில் குறிப்புத் தாள், நாலு மணிக்கு டீ, ஐந்து மணிக்குச் சான்றிதழ்! அவசரக் கோலம் அள்ளித் தெளித்தேன். மரியம்மாள் என் வீட்டு வாசலில் வந்து நின்றார். "சார், வேணாம். ஏதாவது ஆச்சுன்னா யார் பதில் சொல்றது?" என்றார். "எல்லாம் நான் பார்த்துக்கிறேன் மரியம்மா, நீங்க போங்க" என்று சொன்னேன். என்ன பார்த்துக்கொண்டேன்? சொல்லுங்கள், என்னத்தைப் பார்த்துக்கொண்டேன்!

அன்றைக்கு நடை நடத்திய பத்ரி, அதோ, கடைசி வரிசையில் தலை குனிந்து உட்கார்ந்திருக்கிறார். வயது இருபத்து நாலு. அவர் முதுகு பிள்ளைகள் பக்கம், கண் நான் கொடுத்த தாளில். பாதையை விடியலில் போய்ப் பார்க்க வேண்டும் என்று அவருக்கு யாருமே சொல்லவில்லை. போயிருந்தால் கூட்டைப் பார்த்திருப்பார், வேறு பாதையில் திரும்பியிருப்பார். மரியம்மாளுக்கு அன்றைக்கு அங்கே வேலையே இல்லை. மனசு கேட்காமல், கூப்பிடாமலே பின்னால் வந்தவர் அவர். இரண்டு வாரமாக ஊரெல்லாம் பத்ரியைக் கைகாட்டுகிறது. காட்டாதீர்கள்! காட்ட வேண்டுமானால் இங்கே காட்டுங்கள், என்னை! குற்றம் என்னுடையது. லீலா, உன் அம்மாவின் சாவுக்கு நான் பொறுப்பு. மன்னிப்புக் கேட்கக்கூட எனக்கு வாயில்லை அம்மா.

நேற்று பத்ரி என்னிடம் சான்றிதழைத் திருப்பிக் கொடுத்தார். "இனிமே நான் வரல சார், எனக்கு அருகதை இல்ல" என்றார். அருகதை இல்லாதவன் நான் இருக்கும்போது அவர் ஏன் போக வேண்டும்?

அவையோரே, உங்கள் முன்னால் உறுதி சொல்கிறேன். ஒரு மத்தியானப் பயிற்சி இன்றோடு ஒழிந்தது. கொடுத்த நாற்பது சான்றிதழும் செல்லாது. என்னுடையதும் செல்லாது. மரியம்மாளின் ஆறு ஞாயிறை முடிக்காமல், இந்தக் குழுவில் ஒரு பிள்ளையின் கையைக்கூட யாரும் பிடிக்க முடியாது. பதவியை இந்த மேடையிலேயே தலைவரிடம் ஒப்படைக்கிறேன். பயிற்சிப் பட்டியலில் முதல் பெயர் என்னுடையது. அறுபத்தொன்பது வயதில் முதல் ஞாயிறிலிருந்து ஆரம்பிக்கிறேன்.

பத்ரி, எழுந்திரப்பா. நீயும் என்னோடு சேர்ந்து படி. ஆறாவது ஞாயிறு நான் நடத்தும்போது பின்னால் வர ஓர் ஆள் வேண்டும். லீலா தன் அம்மாவின் துணிப்பையைக் கொடுத்திருக்கிறாள், இதோ. அதை எடுத்துக்கொண்டு நீ வா. நான் வாயைத் திறக்கும்போதெல்லாம் தயங்காமல் கல்லைப் போடு.