முந்நூறு மடங்கு

நாற்பது வயதுக்குள் வேலையை விடுவது அப்படியொன்றும் கஷ்டமான காரியமில்லை. அதற்கு நிறையச் சம்பாதிக்க வேண்டும் என்று எல்லோரும் நினைக்கிறார்கள். வேண்டாம். கொஞ்சமாகத் தேவைப்பட்டால் போதும்.

கணக்கு எளிது. மாதம் ஆகும் செலவை முந்நூறால் பெருக்க வேண்டும். அவ்வளவு பணத்தைச் சேர்த்து முதலீடு செய்துவிட்டால், அதன் வருமானத்திலேயே காலம் ஓடிவிடும். யாரிடமும் கைகட்டி நிற்க வேண்டாம். இதை மறுபக்கத்திலிருந்து பார்ப்பதுதான் முக்கியம். மாதச் செலவில் ஒரு சின்னத் தொகையை வெட்டினால், சேர்க்க வேண்டிய பணத்தில் அதைப்போல் முந்நூறு மடங்கு குறைகிறது. இது புரிந்த நாளிலிருந்து நான் எதையும் அதன் விலையில் பார்த்ததில்லை.

தொலைபேசியில் வாடிக்கையாளர்களின் புகார்களைக் கேட்பது என் வேலை. இருக்கையை விட்டு எழுந்தால் அட்டையைத் தேய்க்க வேண்டும், கழிப்பறைக்குப் போவதானாலும். மேற்பார்வையாளர் என்னைவிட வயதில் சின்னவர். "என்ன சார், இன்னிக்கு அடிக்கடி எழுந்து போறீங்க, வயித்துல ஏதாவது பிரச்சினையா?" என்று அந்த வரிசை முழுவதற்கும் கேட்கும்படி விசாரிப்பார். ஒரு மனிதன் தன் சிறுநீருக்கு இன்னொருவரிடம் கணக்குச் சொல்லக் கூடாது. எனக்கு வேண்டியிருந்தது அவ்வளவுதான். பேராசை எதுவும் இருந்ததில்லை.

என் மனைவி முதலில் இதை விளையாட்டாகத்தான் எடுத்துக்கொண்டாள். ஒரு பதிப்பகத்துக்கு வீட்டிலிருந்தே பிழை திருத்திக்கொடுத்து வந்தாள். நான் வேலையிலிருந்து திரும்பிக் கதவைத் தட்டினால், "முந்நூறு வந்தாச்சு" என்று சொல்லிக்கொண்டே திறப்பாள். ஒருமுறை கடையில் ஒரு ஜோடிச் செருப்பைக் கையில் எடுத்தாள். என் முகத்தைப் பார்த்தாள். "பெருக்கிட்டீங்களா? சரி விடுங்க, வெறுங்காலோடயே வரேன். காலுக்கு முந்நூறால பெருக்கத் தெரியாது" என்றாள். கடைக்காரர் சிரித்தார். நானும் சிரித்தேன். செருப்பு வாங்கவில்லை.

செலவைக் குறைப்பதற்கு ஓர் எல்லை உண்டு. அந்த எல்லைக்கு வந்த பிறகு மிச்சமிருந்தது இடம்தான். எங்களுடையது மூன்றாம் மாடியில் வாடகை வீடு. முன்னறை, படுக்கையறை, சமையலறை, குளியலறை. படுக்கையறைக்குள்ளே சாமான்கள் போட்டுவைக்க ஒரு சிறிய உள்ளறை. இரண்டு பேருக்கு அது அதிகம்.

முன்னறையைத் துணி வியாபாரி ஒருவர் தன் அட்டைப்பெட்டிகளை அடுக்கிவைக்க எடுத்துக்கொண்டார். பெட்டிகள் பேசாது, தண்ணீர் செலவழிக்காது. தூசி மட்டும் கொஞ்சம் வந்தது. என் மனைவிக்குச் சின்ன வயதிலிருந்தே ஆஸ்துமா. இன்ஹேலர் முன்பைவிடச் சீக்கிரம் தீரத் தொடங்கியது. அதையும் கணக்கில் எடுத்துக்கொண்டேன். அப்படியும் லாபமாகத்தான் இருந்தது.

அடுத்து படுக்கையறை. பேக்கரியில் இரவு வேலை பார்க்கும் ஒருவர் வந்தார். காலையில் தலைமுடியில் மாவோடு வருவார், மாலைவரை தூங்குவார். நாங்கள் உள்ளறைக்கு மாறினோம். அதற்கு ஜன்னல் கிடையாது. மேலே, குழாய்கள் போகும் இடுக்கைப் பார்த்தபடி ஒரு துவாரம் இருந்தது. இருவரும் படுத்துவிட்டால் கதவைத் திறக்க ஒருவர் காலை மடக்க வேண்டும். நெருக்கமாக இருந்தோம் என்றும் சொல்லலாம்.

அந்தச் சமயத்தில் அவளுடைய அண்ணன் ஒருநாள் வந்தார். உள்ளறையின் வாசலில் நின்று எட்டிப் பார்த்தார்.

"என்ன மாப்ள, வீட்டைச் சுருக்கிச் சுருக்கி அலமாரியாக்கிட்டீங்க. அடுத்து என்ன, என் தங்கச்சியை மடிச்சு வைப்பீங்களா?"

"இன்னும் நாலு வருஷம்தான் மச்சான்" என்றேன்.

அவர் தங்கையைப் பார்த்தார். அவள், "நான் பாத்துக்கறேண்ணே" என்றாள். இதையும் நீங்கள் எழுதிக்கொள்ளலாம். அவள் அன்றைக்கே போயிருக்கலாம்.

உள்ளறையிலிருந்து எங்கே போவதானாலும் படுக்கையறை வழியாகத்தான் போக வேண்டும். பகலில் அவள் சமையலறைக்கும் குளியலறைக்கும் போய்வந்தது பேக்கரிக்காரரின் தூக்கத்தைக் கெடுத்தது. அவர் நல்ல மனிதர். தயங்கித் தயங்கித்தான் சொன்னார்.

"தப்பா எடுத்துக்காதீங்க தம்பி. கண்ணை மூடினா கதவு, மூடினா கதவு. தங்கச்சிக்கும் சங்கடம், எனக்கும் சங்கடம். நான் வேற இடம் பாத்துக்கறேனே."

அவர் தரும் வாடகையை முந்நூறால் பெருக்கினேன். பிறகு உள்ளறைக் கதவில் அவர் பக்கம் ஒரு தாழ்ப்பாள் போட்டுக்கொள்ளலாம் என்று நான்தான் சொன்னேன். பகல் முழுக்கத் தொந்தரவு இருக்காது, அதற்காக வாடகை கொஞ்சம் கூடும். அவர் புரியாமல் விழித்தார்.

"தாழ்ப்பாள் எதுக்குப்பா? தங்கச்சிகிட்ட சொன்னாப் போதாதா?"

"சொன்னா மறந்துடுவாண்ணே."

நானே வாங்கிப் பொருத்தினேன். கடையில் அதோடு நான்கு திருகாணிகள் தந்தார்கள். மூன்றே போதுமானதாக இருந்தது.

தினமும் காலையில் ஒரு குடம் தண்ணீர், மதியச் சாப்பாட்டு டப்பா, மூடி போட்ட ஒரு வாளி ஆகியவற்றை உள்ளே வைத்துவிட்டுக் கிளம்புவேன். முதல் நாள் அவள் வாளியையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இது எனக்கா?"

"சாயங்காலம் வரைக்கும்தானே."

அவள் வாளியை மூலைக்குத் தள்ளிவைத்தாள். சம்மதித்தாளா என்று நேற்று விசாரணையில் கேட்டீர்கள். மறுநாள் நான் எதுவும் சொல்லாமலே உள்ளே போய், மடியில் தாள்களை வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். அதைச் சம்மதம் என்றுதான் நான் எடுத்துக்கொண்டேன். என்னை 'முந்நூறு' என்று கூப்பிடுவது எப்போது நின்றது என்று நினைவில்லை.

ஒரு நாள் அவள் தட்டியிருக்கிறாள். பேக்கரிக்காரர் எழுந்து திறந்துவிட்டிருக்கிறார். நான் திரும்பி வந்தபோது மாடிப்படியில் உட்கார்ந்திருந்தாள். காலையிலிருந்து அங்கேயே இருந்தாளாம். அன்று மாலை பேக்கரிக்காரர் மறுபடியும் காலி செய்வதைப் பற்றிப் பேசினார். இனிமேல் அவள் தட்டினால் திறக்க வேண்டாம், என்னை ஃபோனில் கேளுங்கள் என்றேன். அவளுடைய ஃபோனை அதற்கு முன்பே விற்றிருந்தோம். ஒரு குடும்பத்துக்கு ஒன்று போதும்.

அன்றிரவு அவள் சுவரைப் பார்த்துப் படுத்தபடி பேசினாள். "மாசக் கடைசிக்குள்ள ஜன்னல் வெச்ச ரூம் ஒண்ணு பாருங்க. இல்லேன்னா நான் அண்ணன் வீட்டுக்குப் போயிடறேன். பெருக்கிப் பாத்துட்டுச் சொல்லுங்க."

பார்த்தேன். அறை எடுத்தால் செலவு. அவள் போனால் அவள் சம்பாத்தியமும் போகும். பார்க்கலாம் என்றேன்.

மாதம் முடிய இன்னும் ஒரு வாரம் இருந்தது. அன்று இன்ஹேலர் அவளுடைய கைப்பைக்குள் இருந்தது. கைப்பை சமையலறை ஆணியில் தொங்கியது. காலையில் நான் உள்ளே வைக்கும் பொருள்களில் அது எப்போதும் கிடையாது. அது அவள் பொருள், அவள்தான் நினைவு வைத்திருக்க வேண்டும். இதில் என் தவறு என்ன என்று இன்றுவரை எனக்குப் புரியவில்லை.

நான் அழவில்லை என்று அவள் அண்ணன் உங்களிடம் சொல்லியிருக்கிறார். உண்மைதான். எல்லாம் முடிந்து ஆட்கள் கலைந்த பிறகு, சும்மா உட்கார்ந்திருந்தபோது பழக்கத்தில் பெருக்கிப் பார்த்தேன். இப்போது ஒருவருக்கான செலவுதான். கையிலிருந்த பணம் அதற்குப் போதுமானதாக இருந்தது. இன்னும் நான்கு வருடம் என்று நினைத்திருந்தேன். மறுநாளே ராஜினாமா கொடுத்தேன். மேற்பார்வையாளர் கைகுலுக்கி, "அதிர்ஷ்டசாலி சார் நீங்க" என்றார். மனைவி இறந்தது அவருக்குத் தெரியாது. வீட்டுக்குத் திரும்பி, செய்தியை அவளிடம் சொல்ல வேண்டும் என்று வேகமாகப் படியேறினேன். இரண்டாம் மாடியில் நின்றுவிட்டேன். பிறகு மெதுவாக ஏறினேன்.

பேக்கரிக்காரரை விட்டுவிடுங்கள். அவர் சொன்னதெல்லாம் உண்மை. அவர் என்னைக் கேட்டார். மதிய இடைவேளையில் ஃபோன் வந்தது.

"தம்பி, தங்கச்சி தட்டறாங்கப்பா. அன்னிக்கு மாதிரி இல்ல. ஒரு மாதிரி மெதுவாத் தட்டறாங்க. திறக்கட்டுமா?"

ஃபோனைக் கதவுப் பக்கம் நீட்டினார் போலிருக்கிறது. எனக்கும் கேட்டது. உள்ளங்கையால் தட்டும் சத்தம். அதற்கு நடுவே மூச்சை இழுக்கும் சத்தம். அது என்ன சத்தம் என்று தெரியாது என நேற்று உங்களிடம் சொன்னேன். தெரியும். கல்யாணமான புதிதில் எத்தனையோ இரவுகள், அது அடங்கும்வரை அவள் முதுகைத் தடவிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன்.

திறந்தால் இந்த முறை அவள் படியில் உட்கார மாட்டாள், போய்விடுவாள் என்று தோன்றியது. பேக்கரிக்காரரும் போய்விடுவார். இரண்டையும் கூட்டிப் பெருக்கினேன். மனக்கணக்குதான், நேரம் எடுக்கவில்லை.

"வேணாம்ண்ணே. நீங்க தூங்குங்க. கொஞ்ச நேரத்துல அவளே நிறுத்திடுவா" என்றேன்.

நான் அவரிடம் பொய் சொல்லவில்லை. நிறுத்திவிட்டாள்.