பதினாலு பேர் மூச்சு

ஐயோ, வீட்டுக்கு அனுப்புற பேப்பர்ல கையெழுத்துப் போட்டுடாதீங்க டாக்டரம்மா! ரெண்டே நிமிஷம், சொல்லிடறேன். ஆமா, இந்த நுரையீரல் வார்டு அட்டெண்டர் நான்தான். தினம் காலையில கட்டில் கட்டிலாப் போய் ஊதுற குழாயக் குடுத்து, முள்ளு எங்க நிக்குதோ அந்த நம்பரப் பேப்பர்ல எழுதணும். முந்நூத்தம்பது தாண்டினா ஆளு வீட்டுக்குப் போகலாம். அதானே உங்க சட்டம்?

அந்த நம்பரெல்லாம் நான் ஊதினது.

சிரிக்காதீங்க, நெசமாத்தான். மொதல்ல ஒரு தையல்காரர் வந்தாரு. வாயில ஒத்தப் பல்லு கெடையாது, ஊதினா காத்தெல்லாம் கன்னத்தோரமாப் போயிடும். பாவமா இருந்துச்சு, ஊதிட்டேன். பக்கத்துக் கட்டில்காரர் முறைச்சுக்கிட்டாரு, அவருக்குன்னா ஊதுவே, எனக்குன்னா ஆகாதான்னு. அப்புறம் யாரை விடறது, சொல்லுங்க? பதினாலு கட்டிலுக்கும் நானே ஊத வேண்டியதாப் போச்சு.

எல்லாரும் சீக்கிரமே கொணமாகறாங்கன்னு வார்டுக்கு மொதப் பரிசு குடுத்துட்டாங்க! பெரிய டாக்டருங்க எல்லாம் வந்து பாத்தாங்க. சுவத்துல அடிச்சிருக்கற பச்சைப் பெயிண்ட்தான் காரணம்னு எழுதிட்டுப் போனாங்க. இப்ப எலும்பு வார்டுக்கும் அதே பச்சை.

என்னது? போனவங்க திரும்பி வரலியான்னா, வராம என்ன? மூணாம் நாளே மூச்சு வாங்கிக்கிட்டு வந்தாங்க. ஆபீஸ்ல அதுக்கும் சந்தோஷம். நம்ம வார்டு பேரக் கேட்டு ஜனங்க தேடி வருதாம்.

போன மாசம் எனக்கு ஜலதோஷம். முக்கி முக்கி ஊதியும் இருநூறத் தாண்டல. ஒரே நாள்ல பதினாலு பேருக்கும் சீரியஸ்னு மீட்டிங் போட்டாங்க. தண்ணித் தொட்டியில கோளாறுன்னு கழுவி விட்டாங்க. மறுநாள் எனக்கு மூக்கடைப்பு விட்டுச்சு, அத்தனை பேரும் பொழைச்சுட்டாங்க. தொட்டி கழுவினவருக்குச் சால்வை போத்தினாங்கம்மா. நான்தான் கை தட்டினேன்.

இல்லம்மா, வேலை போயிடும்னு தெரிஞ்சுதான் சொல்றேன். போகட்டும். ஏன் இத்தன நாள் வாயத் தொறக்கலன்னு கேக்கறீங்க. கேப்பீங்க, நியாயந்தான். இத்தன நாள் அது ஊரான் வீட்டு மூச்சு.

உங்க கையில மேலாப்புல ஒரு பேப்பர் இருக்கே, ஏழாம் நம்பர் கட்டில், நானூத்தி இருபது. அது என் பொண்டாட்டி. நேத்து ராத்திரிதான் கொண்டாந்து சேத்தேன். அஞ்சு வார்த்தை பேசறதுக்குள்ள நாலு தடவை நிறுத்தறா. இன்னிக்குக் காலையில குழாய அவ வாய்கிட்டக் கொண்டு போனேன்மா. முள்ளு எங்க நிக்குமோன்னு பயந்துட்டேன். பட்டுனு என் வாயில வெச்சு ஊதிட்டேன்.

இந்தாங்க குழாய். நீங்களே ஊத வெச்சுப் பாருங்க. நான் வெளிய நிக்கறேன். எவ்வளவு வந்துச்சுன்னு எங்கிட்ட மட்டும் சொல்லிடாதீங்க.