கரையிலிருந்து வானிலை

அன்று நான் கிளறி ஏரிக்கரைக்குக் கொண்டுபோன புளியோதரை நன்றாக இருந்ததாக எல்லோரும் சொன்னார்கள். வாக்குமூலத்தைத் தமிழிலேயே எழுதலாம் என்றீர்கள், நன்றி. ஆங்கிலத்தில் எழுதினால் நான் கெட்டவன் போலத் தெரிவேன்.

படகு கிட்டுசாமி அங்கிளுடையது. ஆஸ்டினில் டாக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். இரண்டு பாய்மரம் வைத்த பழைய ஸ்கூனர். அந்த ஏரிக்குக் கொஞ்சம் பெரிதுதான், ஆசை யாரை விட்டது. ஞாயிறுதோறும் எங்கள் ரவுண்ட் ராக் ஊர்த் தமிழ் ஆட்களில் யாராவது ஒருவரை ஏற்றிக்கொண்டு போவார். மேற்கே குன்றுகள் மறைப்பதால் வரும் மேகம் படகில் இருப்பவர்களுக்குத் தெரியாது. ஆகவே கரையில் ஒருவர் வானிலை ரேடியோவைக் கேட்டு, வாக்கி-டாக்கியில் சொல்ல வேண்டும். அந்த வேலை எப்போதும் எனக்குத்தான். பசுபதி பொறுப்பானவன் என்று பெயர்.

மதன் என் டீமில் இருந்தவன். சாத்தூர்க்காரன், தங்கமான பிள்ளை. அந்த வெள்ளிக்கிழமை மேனேஜர் என்னைக் கூப்பிட்டு, உங்கள் இருவரில் ஒருவரைத்தான் வைத்துக்கொள்ள முடியும், திங்கட்கிழமை சொல்கிறேன் என்றார். இந்த 2001-இல் எல்லாக் கம்பெனியிலும் இதே கதைதான். மதன் என்னைவிடக் கெட்டிக்காரன். முடிவு என்னவாக இருக்கும் என்று எனக்குத் தெரியும். வேலை போனால் விசா போகும், மூட்டை கட்ட வேண்டியதுதான். என் மகள் வெண்பாவுக்குப் பிறவியிலேயே காது கேட்காது. இங்கேதான் கருவி பொருத்தினார்கள், இங்கே உள்ள ஸ்கூலில்தான் பேசப் பழக்குகிறார்கள். இந்தப் பொங்கலன்று, ஏழு வயதில், முதல் முறையாக என்னை டாடி என்றாள். அதைப் பாதியில் நிறுத்து என்று எந்தத் தகப்பனிடமும் சொல்லக்கூடாது. இரண்டு நாள் எனக்குச் சோறு இறங்கவில்லை.

மதன் அந்த ஞாயிறு படகில் ஏறுவதாகவே இல்லை. அவன் மனைவி பிரீத்திக்கு ஐந்தாம் மாதம். கர்ப்பிணியின் புருஷன் கடல் பயணம் போகக்கூடாது என்பது எங்கள் பக்கத்து வழக்கம். படகே வேண்டாம் என்று பிரீத்தியின் அம்மா ஊரிலிருந்து போனில் சொல்லியிருந்தார்.

"தம்பி, அது கடலுக்குச் சொன்னதுப்பா. இது ஏரி. மாமியாருக்கு இவ்வளவு பயந்தா எப்படி?" என்றேன்.

எல்லோரும் சிரித்தார்கள். பிரீத்தியும் சிரித்துக்கொண்டே போய்ட்டு வாங்க என்றாள். அப்போது என் மனதில் எதுவும் இல்லை. மாலையில் புயல் வரலாம் என்று காலையிலேயே ரேடியோவில் சொல்லியிருந்தார்கள்தான். அவர்கள் சொல்வது பாதி நாள் நடப்பதில்லை.

மூன்றரை மணிக்கு எச்சரிக்கை வந்தது. படகுகள் எல்லாம் உடனே கரை சேர வேண்டும் என்றது. நான் சத்தத்தைக் குறைத்தேன். பிள்ளைகள் நனையக் கூடாது என்று பெண்களிடம் சொல்லி, எல்லோரையும் பாத்திரங்களோடு காருக்கு அனுப்பினேன். படகு தூரத்தில் இருந்தது, மழை முதலில் கரையில்தான் பிடித்துக்கொண்டது.

குன்றைத் தாண்டி வந்த காற்றில் பாயை இறக்க அவர்களுக்கு நேரம் இருக்கவில்லை. பெரிய பாய்மரம் முறிந்தது. படகு பக்கவாட்டில் சாய்ந்து படுத்தது. பிறகு அங்கே தண்ணீர்தான் இருந்தது. இரண்டு பேரும் பிழைக்கவில்லை. கிட்டுசாமி அங்கிளை நினைத்தால் சங்கடமாக இருக்கிறது. அவர் என் யோசனையிலேயே இல்லை.

கோயிலில் எல்லோரும் பிரீத்தியைத்தான் குறை சொல்கிறார்கள், பெரியவர்கள் பேச்சைக் கேட்டிருக்கலாம் என்று. நான் மறுத்துப் பேசவில்லை. துக்க நேரத்தில் எதற்கு வாக்குவாதம்?

படகுத்துறையில் யாரோ தன் வாக்கி-டாக்கியில் எங்கள் பேச்சைக் கேட்டதாகச் சொன்னீர்கள். மொழி புரியவில்லை, குரல்கள் சாதாரணமாக இருந்தன என்றாராம். உண்மைதான். மதன் கேட்டது இது:

"அண்ணா, காத்து ஒரு மாதிரி இருக்கு. அங்கிள் உங்களைக் கேக்கச் சொன்னார். திரும்பிடவா?"

"இங்க நல்லா வெயிலடிக்குதுப்பா. இன்னொரு ரவுண்டு போய்ட்டு மெதுவா வாங்க" என்றேன்.

அப்போது என் சட்டை மழையில் நனைந்து உடம்போடு ஒட்டியிருந்தது.

திங்கட்கிழமை மேனேஜர் என் தோளைத் தட்டி, வேலையைப் பாருங்கள் என்றார். வெண்பா இன்றும் ஸ்கூலுக்குப் போயிருக்கிறாள்.

காரியம் முடிந்த அன்று பிரீத்தி என்னிடம் வந்து, "அண்ணா, அவர் கடைசியா ஏதாவது பேசினாரா?" என்று கேட்டாள். இல்லைம்மா, பேட்டரி தீர்ந்துபோயிருந்தது என்றேன். பொய் சொல்வது என் வழக்கமில்லை. நடந்ததில் என் மனதை உறுத்துவது அந்த ஒன்றுதான்.