மெஷினுக்கு மெஷின் மாறும் ஈரல்

அருப்புக்கோட்டையில் பஸ் கிளம்பியதும், எனக்கு முன்சீட்டிலிருந்த பெரியவர் பக்கத்திலிருந்தவனிடம் கேட்டார்: "ஏன் மாப்ள, ஒரே ஈரலு, மெஷினுக்கு மெஷின் கொழுப்பு மாறுமா?"

"மாறுதே மாமா. மொத எம்.ஆர்.ஐ.யில கொழுப்பு கூட இருக்கு, அக்காவுக்கு ஈரல் குடுக்க ஆகாதுன்னாக. கறியெல்லாம் விட்டுட்டு மாசக்கணக்கா நடந்தேன். அப்புறம் வேற சென்டர்ல எடுத்தோம், நல்லாக் கொறஞ்சிருந்துச்சு."

"வத்தல் மூட்டைக்கு ஒரு கடையில எடை கொறஞ்சா அடுத்த கடைத் தராசுக்குத் தூக்குற புத்தி நமக்கு."

"தூக்கச் சொன்னதே நீங்கதான மாமா! டாக்டர் ஒத்துக்கிடல. பழைய மெஷின்லயே எடுத்துட்டு வான்னாரு. இன்னைக்கு எடுத்தா அதே பழைய கொழுப்பு. எது நெசம்னு தெரியாம கத்தி வைக்க மாட்டேங்குறாரு."

தராசுக்கு முத்திரை போட அரசில் ஆள் உண்டு. இந்த ஸ்கேன் மெஷின்களுக்கு யார் என்று யோசித்துப் பார்த்தேன், தெரியவில்லை.

"இன்னும் கொஞ்ச நாள் நடந்துட்டு, திருப்பி எடுத்தா மாப்ள?"

"அதுவரைக்கும் அக்கா தாங்குமா?"

திருச்சுழியில் இறங்க எழுந்தபோது பெரியவர் சொன்னார்:

"வீட்டுக்குள்ள நொழஞ்சதும் ஒங்கக்கா கேப்பா. ரெண்டாவது மெஷின் சொன்னத மட்டும் சொல்லு."