வலி வரும் முன்பே

என் தம்பி பென்சனுக்குச் சின்ன வயதிலிருந்தே ஊசி என்றால் பயம். அம்மை குத்த வருகிறார்கள் என்று காதில் விழுந்தால் போதும், பள்ளிக்கூடத்துப் பின்சுவரை ஏறிக் குதித்து வீட்டுக்கு ஓடி வந்துவிடுவான். நான்தான் திரும்ப இழுத்துக்கொண்டு போய், மடியில் உட்கார வைத்துக் குத்த வைப்பேன். நீங்கள் கேட்டது இதை அல்ல, தெரியும் இன்ஸ்பெக்டர் ஐயா. எங்கிருந்தாவது ஆரம்பிக்க வேண்டுமே. ரைட்டரை நிதானமாக எழுதச் சொல்லுங்கள். எனக்கு அவசரம் ஒன்றும் இல்லை.

என் பெயர் கிளாரா. ஸ்ரீபெரும்புதூரில் ஒரு நர்சிங் ஹோமில் நர்ஸ். வீடு பென்னலூரில், சர்ச்சுக்குப் பின்னால். அப்பாவும் அம்மாவும் அடுத்தடுத்துப் போனபோது பென்சன் மூன்றாம் வகுப்புப் படித்துக்கொண்டிருந்தான். எனக்கு வந்த வரன்களை நானே தட்டிக் கழித்தேன் என்று ஊரில் சொல்வார்கள். வந்தவர்கள் எல்லாரும் தம்பியை விடுதியில் சேர்த்துவிடச் சொன்னார்கள், அவ்வளவுதான் விஷயம். அவனை வளர்த்தேன், ஐ.டி.ஐ. படிக்க வைத்தேன், மெயின் ரோட்டில் கார் உதிரிபாகம் செய்யும் கம்பெனியில் பிரஸ் ஷாப்பில் சேர்த்தும் விட்டேன். வேலைக்குப் போன பிறகு அவனை வீட்டில் பார்ப்பதே அபூர்வமாகிவிட்டது. ஷிப்டு முடிந்தால் ஓ.டி. என்பான். ஓ.டி. இல்லாத நாளில் சைக்கிளை எடுத்துக்கொண்டு வாலாஜாபாத்துக்குப் போய்விடுவான். அங்கேதான் ஷாலின் வீடு. அவளும் அதே கம்பெனி, செக்கிங் பிரிவு. கம்பெனியில் உருப்படி சரியில்லை என்று திருப்பி அனுப்புகிறவள் என் தம்பியை மட்டும் சரி என்று எடுத்துக்கொண்டாள்.

போன வருடக் கடைசியில் ஒரு இரும்பு அச்சு நழுவி அவன் இடுப்பில் விழுந்தது. எங்கள் நர்சிங் ஹோமில்தான் அறுவை சிகிச்சை. வலிக்குப் பெத்தடின் எழுதினார் டாக்டர். அபின் வகை மருந்து ஐயா, பூட்டிய அலமாரியில்தான் இருக்கும். சாவி என் இடுப்பில். சில நாள் போட்டுவிட்டு நிறுத்தச் சொன்னார் டாக்டர். நிறுத்த முடியவில்லை. மருந்தின் வேகம் இறங்கினால் அவனுக்கு மூக்கு ஒழுகும், கொட்டாவி வரும், உடம்பெல்லாம் மயிர்க்கூச்செறியும், கால் இழுக்கும். அலமாரியிலிருந்து எடுத்து வந்து போட்டால் எல்லாம் அடங்கிவிடும். வேலைக்குப் போகாமல் வீட்டிலேயே இருந்தான். நான் டியூட்டி முடிந்து வரும்வரை ஜன்னல் பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பான். என் செருப்புச் சத்தம் கேட்டால் முகம் மலரும். எனக்குச் சந்தோஷமாக இருந்தது. அதை மறைத்து என்ன ஆகப்போகிறது.

மே மாதம் நம் ஊர்க் கூட்டத்தில் அந்தக் குண்டு வெடித்த பிறகு யாரும் யாரையும் நம்பவில்லை. உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. டீக்கடையில் புது ஆள் நின்றால் கூட்டம் கூடிவிடும். வாடகைக்கு வீடு கேட்டு வருகிறவனைப் பார்த்துக் கதவைச் சாத்தினார்கள். உங்கள் ஆட்கள் பென்னலூரில் வீடு வீடாகப் பார்த்தபோது, எங்கள் கொல்லைச் சாம்பல் குழியில் உடைந்த மருந்துக் குப்பிகள் கிடைத்தன. காயம்பட்ட யாரையோ நான் ஒளித்து வைத்து வைத்தியம் பார்க்கிறேன் என்று அந்தக் கான்ஸ்டபிளுக்குச் சந்தேகம்.

"யாருக்கும்மா இத்தினி ஊசி? உள்ள யாரு கீறாங்க?" என்றார்.

உள்ளே பென்சன் தூங்கிக்கொண்டிருந்தான். நான் எங்கள் கம்பவுண்டர் ராஜாமணி பெயரைச் சொன்னேன். மருந்து குறைகிறது, அவர் மேல்தான் எனக்குச் சந்தேகம், எடுத்துப் போய்க் காசுக்கு ஊசி போட்டுவிட்டு, பழி என் மேல் விழட்டும் என்று காலிக் குப்பியை என் கொல்லையில் எறிகிறார் போலிருக்கிறது என்றேன். வெள்ளைப் புடவையில் இருக்கிறவள் சொன்னால் எடுபடுகிறது. அந்தச் சமயத்தில் ஒரு பெயர் கிடைத்தால் போதும் என்று இருந்தார்கள். ராஜாமணியை இங்கேதான் கொண்டுவந்து வைத்திருந்தீர்கள். வெளியே வந்தபோது அவருக்கு வேலை போயிருந்தது, வலது கையைத் தூக்க முடியவில்லை. அவர் எனக்கு ஒரு கெடுதலும் செய்தவர் அல்ல. இந்துவாக இருந்தும் தினமும் காலையில் என்னைப் பார்த்து "ஸ்தோத்திரம் சிஸ்டர்" என்பார். எனக்கு வருத்தம்தான். ஆனால் யார் பெயரையாவது சொல்லியாக வேண்டியிருந்தது.

பென்சனால்தான் அதைத் தாங்க முடியவில்லை. தன்னால் ஒரு மனிதர் அடிபட்டுவிட்டார் என்று இரண்டு நாள் சாப்பிடவில்லை. மூன்றாம் நாள் ஷாலினிடம் எல்லாவற்றையும் கொட்டிவிட்டான். அவள் அன்று மாலையே வந்து நின்றாள். சத்தம் போடுவாள் என்று எதிர்பார்த்தேன். போடவில்லை.

"அக்கா, இது கெட்ட பயக்கம் இல்ல, வியாதி. எங்க மாமா ஒருத்தருக்கு மெட்ராஸ்ல பாத்தாங்க, இப்போ நல்லா கீறாரு. இதுக்கு வைத்தியம் கீது. கூட்டிக்கினு போலாம்."

"நான் நர்ஸும்மா. எனக்குத் தெரியாதா?" என்றேன்.

"தெரிஞ்சிக்கினுமா போட்டீங்க?" என்றாள்.

அப்படி ஒரு பார்வை. எனக்கு அவளைப் பிடிக்காமல் போனது அந்த நிமிடத்தில்தான் என்று எழுதிக்கொள்ளுங்கள். அதற்கு முன்பும் பிடிக்காது, ஆனால் காரணம் இருக்கவில்லை.

மெட்ராஸில் சேர்த்தோம். அங்கே ஒரு பெண் டாக்டர், நிதானமானவர். என்னையும் ஷாலினையும் உட்கார வைத்துச் சொன்னார்: இவனைத் திட்டாதீர்கள், சத்தியம் வாங்காதீர்கள். மருந்து இல்லாமல் இருக்க மூளை பழக வேண்டும், அதற்கு நாளாகும். முதல் சில நாள் உடம்பு படாதபாடு படும், அதற்கு மாற்று மருந்து கொடுத்துக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைப்போம். அதன்பிறகு பேச்சு, வேலை, துணை. தவறி மறுபடி தொட்டுவிட்டால் ஒளிக்காமல் இங்கே கூட்டிக்கொண்டு வாருங்கள், நாங்கள் கோபப்பட மாட்டோம். கடைசியாக ஒன்று சொன்னார். விட்ட பிறகு உடம்பு பழைய அளவைத் தாங்காது. முன்பு போட்ட அளவையே மறுபடி போட்டால் மூச்சு நின்றுவிடும். ஷாலின் அதைத் திரும்பச் சொல்லச் சொல்லிக் கேட்டாள். எனக்கு ஒரு முறை சொன்னாலே போதும்.

அந்த வார்டில் ஒரு வழக்கம். ஒவ்வொரு நோயாளியோடும் வீட்டாள் ஒருவர் கூடவே இருக்க வேண்டும். அந்த வீட்டாட்கள்தான் முறை வைத்து வாசலில் உட்கார்ந்து, பார்க்க வருகிறவர்களைச் சோதிப்பார்கள். வெளியாளை விடச் சொந்தக்காரர்களுக்குத்தான் அக்கறை அதிகம் என்று அவர்கள் நம்பினார்கள். நான் நர்ஸ் என்று தெரிந்ததும் அந்தப் பொறுப்பு முழுக்க என் தலையில் வந்து விழுந்தது. கண்ணும் கருத்துமாகப் பார்த்தேன். பழத்தை வெட்டிப் பார்ப்பேன், தலையணை உறையை உதறுவேன். ஷாலின் கொண்டுவரும் மீன் குழம்பைக் கரண்டியால் துழாவி ஒவ்வொரு துண்டாக எடுத்து வைப்பேன். அவள் கைப்பையைக் கொட்டச் சொல்வேன். வரிசையில் நிற்கிறவர்கள் முன்னால் அவள் அதைக் கொட்டுவாள், பொறுக்குவாள். அந்தப் பெண் மேல் ஒரு கண் வையுங்கள் என்று டாக்டரிடமும் சொல்லி வைத்தேன். மற்ற வீட்டாட்களும் அவளைக் கண்டால் பேச்சை நிறுத்தினார்கள். ஒரு முறை கூட அவளிடம் எதுவும் கிடைக்கவில்லை.

பென்சன் தேறினான். முதல் வாரம் போர்வையைக் கடித்துக்கொண்டு கிடந்தான். நான் கால் பிடித்துவிட்டேன். பிறகு பசி வந்தது. பக்கத்துக் கட்டில்காரரோடு சீட்டு ஆடினான், தோற்றால் சிரித்தான். வீட்டுக்கு அனுப்பும் நாள் நெருங்கியபோது, நான் தலை துவட்டிவிடும் நேரத்தில் சொன்னான்.

"அக்கா, நோவே இல்லாதப்போ மொதமொதல்ல எப்போ போட்டுக்கினேன்னு டாக்டரம்மா கேட்டாங்க. ரொம்ப யோசிச்சேன். ஆஸ்பத்திரியிலேந்து வூட்டுக்கு வந்த பின்னாடி, நோவு இல்லக்கா, வேணாம்னு சொன்னேன். நீ, நோவு வர்றதுக்கு முன்னாடியே போட்டுக்கணும்னு சொல்லிப் போட்ட. ரெண்டு மூணு தபா அப்டி ஆச்சு. ஞாபகம் கீதா?"

"மருந்து மயக்கத்துல உனக்கு எதெதுவோ தோணுது," என்றேன்.

அவன் என் கையிலிருந்து துண்டை வாங்கிக்கொண்டான். "நா யார்கிட்டயும் சொல்லல," என்றான். "நீயும் என்ன தெரிஞ்சா செஞ்ச. உடுக்கா. ஆனா இனிமே ஊசி வாணாம். நீ போடறதுன்னாலும் வாணாம்."

அவன் சொன்னது உண்மை. வலி இல்லாத நாட்களிலும் நான் போட்டேன். ஒரு நாள் எழுந்து சட்டை மாட்டிக்கொண்டு வாலாஜாபாத்துக்குப் போகிறேன் என்று நின்றான், இடுப்பில் தையல் பிரித்த இடம் கூடக் காயவில்லை. அவனைப் படுக்க வைக்க வேறு வழி எனக்குத் தெரியவில்லை. முதலில் ஓய்வுக்காகத்தான். பிறகு அவனே கேட்கத் தொடங்கினான். கேட்பவனுக்கு இல்லை என்று சொல்ல நான் கல்நெஞ்சக்காரி அல்ல.

வீட்டுக்கு வந்தான். கம்பெனியில் பழைய இடம் கிடைக்கவில்லை, ஸ்டோரில் உட்கார வைத்தார்கள். சர்ச்சில் கல்யாண ஓலை வாசித்தார்கள். எங்கள் வழக்கம் தெரியுமா உங்களுக்கு? மூன்று ஞாயிறு மணமக்கள் பெயரை வாசித்து, தடை இருந்தால் சொல்லுங்கள் என்று பாதிரி ஐயர் சபையைக் கேட்பார். பென்சன் பெயர் வந்தபோது சிலர் திரும்பிப் பார்த்தார்கள், ஊசி போட்டுக்கொண்டவன் என்று. பிறகு என்னைப் பார்த்தார்கள், எவ்வளவு பாடுபட்டாள் பாவம் என்று. நான் முக்காட்டை இழுத்து விட்டுக்கொண்டு பேசாமல் இருந்தேன். எனக்கு என்ன தடை? கல்யாணத்துக்குப் பிறகு வாலாஜாபாத்தில்தான் குடித்தனம் என்று ஷாலின் வீட்டில் பேசி முடித்திருந்தார்கள். "நீயும் எங்ககூட வந்துருக்கா" என்று பென்சன் சொன்னான். எங்ககூட என்றான். என் வீட்டில் நின்றுகொண்டு, நான் வளர்த்த பிள்ளை, எங்ககூட என்றான். பொறாமை என்று எழுத நினைத்தால் எழுதிக்கொள்ளுங்கள்.

மூன்றாம் ஓலை வாசித்த ஞாயிறு மதியம் அவன் பீரோவை நகர்த்தினான். இடுப்பில் பிடித்துக்கொண்டது. குப்புறப் படுத்துக்கொண்டு முனகினான். சாதாரண வலி ஊசி ஒன்று இருக்கிறது, பழக்கமாகாது, மெட்ராஸ் டாக்டரே போடலாம் என்று சொன்னதுதான் என்றேன். அவர் அப்படிச் சொல்லவில்லை. பென்சன் யோசித்தான். என் பையை ஒரு தடவை பார்த்தான், என் முகத்தை ஒரு தடவை பார்த்தான். நான் அப்போது அழுதுகொண்டிருந்தேன். அது நடிப்பு அல்ல, எனக்கு உண்மையிலேயே அழுகை வந்தது. அக்கா அழுகிறாள் என்று பாவம் பார்த்துச் சரி என்றான்.

பெத்தடின்தான். பழைய அளவு. கை தவறி அல்ல, அவசரத்தில் அல்ல. டாக்டர் சொன்னது ஒவ்வொரு வார்த்தையும் நினைவிருந்தது. இதைத்தானே கேட்டீர்கள், எழுதிக்கொள்ளுங்கள்.

அவனுக்கு உடனே தெரிந்துவிட்டது. பழகிய உடம்புக்குத் தெரியாதா. "அக்கா, இது அது," என்றான். எழுந்திருக்கப் பார்த்தான், முடியவில்லை. "ஷாலினைக் கூப்புடுக்கா. டாக்டராண்ட போலாம். அவங்க கோச்சிக்க மாட்டாங்க." தெளிவாகத்தான் சொன்னான். நான் அவன் தலையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டேன்.

கொஞ்ச நேரத்தில் கதவு தட்டும் சத்தம். ஷாலின்தான், கல்யாணப் புடவை எடுக்கப் போக அவனைக் கூப்பிட வந்திருந்தாள். பீரோ நகர்த்திய களைப்பில் தூங்குகிறான், எழுப்பாதே, சாயங்காலம் வா என்று கதவைத் திறக்காமலே சொன்னேன். "சரிக்கா, தூங்கட்டும்" என்று போய்விட்டாள். உள்ளே அவன் மூச்சு அப்போதும் இருந்தது. விட்டு விட்டு வந்துகொண்டிருந்தது. நர்சிங் ஹோமுக்கு ஆட்டோவில் போனால் வெகுதூரம் இல்லை. நின்ற மூச்சைத் திருப்பும் முறிவு மருந்தும் அதே அலமாரியில் இருக்கிறது. நான் போகவில்லை. மூச்சு நின்ற பிறகும் எழுந்திருக்கவில்லை. சாயங்காலம் அவள் மறுபடி வந்துதான் அக்கம்பக்கத்தாரைக் கூட்டிக் கதவை உடைத்தாள்.

கடைசி நேரத்தில் அவன் அவளைத்தானே கேட்டான், நீ ஏன் கூப்பிடவில்லை என்று கேட்கிறீர்கள். நீங்கள் போலீஸ்காரர், நான் நோயாளிகளைப் பார்த்தவள் ஐயா. மருந்து ஏறியவன் பேச்சைக் கணக்கில் எடுக்கக் கூடாது. நினைவு சரியாக இருந்திருந்தால் அவன் என்னைத்தான் கேட்டிருப்பான்.